கலாமணிக்கு இன்னைக்கு ரெஸ்ட்டு

பேனா இருந்தா ஒருக்கா குடுங்க சார். ஒரே ஒரு கையெழுத்துத்தான், போட்டுட்டு இப்பவே தந்தர்றேன்.

ச்சே, இந்த பஸ்சுக் குலுக்கல்ல எங்கீங்க போடறது. கோழி கெளறுன மாதிரிப் போயிரும். ஆபீசர்கிட்டக் குடுக்கற காயிதம், கோணலா இருந்தா மரியாதையா இருக்காதுங்க. அவினாசில எப்படியும் நிப்பாட்டுவான், அப்பப் போட்டுக்கறேன். அதுவரைக்கும் பேனா என்ற கையிலயே இருக்கட்டும், ஒன்னும் நெனச்சுக்காதீங்க. நீங்களும் காந்திபுரந்தானுங்களே? அப்ப நேரம் கெடக்குது.

அதா, முன்னால மூணாவது சீட்டுல பச்சைச் சேல கட்டிட்டு, வலது கையத் துணில தூக்கிக் கழுத்தோட கட்டியிருக்குது பாருங்க, அது என்ற சம்சாரம். பேரு கலாமணி. பின்னல் கோணலா இருக்குதுங்களா? நான் போட்டதுங்க. மூணு வாரமா நாந்தான் போடறேன். பனியன்ல ஒரு நூலு வெலகுனாலும் பத்தடி தூரத்துல இருந்தே சொல்லிப் போடுவேன், இந்தப் பின்னல் மட்டும் வர மாட்டேங்குது.

ஏன் தனித்தனியா ஒக்காந்திருக்கறோம்னு பாக்கறீங்க. சண்டையெல்லாம் இல்லீங்க. போற எடம் அப்படி. கோயமுத்தூர்ல தொழிலாளர் ஆபீசுல பதினோரு மணிக்கு விசாரணை. மனு குடுத்தது அவ. கம்பெனி பக்கத்துச் சாட்சி நானு. ஒரே ஊட்டுல காப்பி குடிச்சுட்டு, ஒரே பூட்டப் பூட்டிட்டு வந்துருக்கறோம். ரெண்டு டிக்கெட்டும் நாந்தான் எடுத்தேன். இப்படி ஒரு கெரகம் யாருக்காச்சும் வந்திருக்குதுங்களா?

என்ற பேரு சென்னியப்பன். திருப்பூர்ல பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசர். இருபத்திரெண்டு வருசமாச்சு. எனக்குக் கீழ நாப்பது மிசினு. ஒருத்தரு என்னையப் பாத்து நீ மோசக்காரன்னு சொன்னதில்ல. நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கறவன் இல்லீங்க, அத மொதல்ல சொல்லிப் போடறேன்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வெளையாட்டு. போன்ல ஆடற வெளையாட்டு. சிரிக்காதீங்க.

நாலு வருசத்துக்கு முன்னால அமெரிக்காவுல இருந்து ஒரு பையர் ஆர்டர் குடுத்தான். பேஸ்பால் டீசர்ட்டு. ஒடம்பு வெள்ள, கை கருநீலம். நம்ம சட்டையாட்டக் கை தோள்ல ஆரம்பிக்காதுங்க, கழுத்துல இருந்தே எறங்கும். அந்தக் கைய ஒடம்போட சேத்து ஓவர்லாக் அடிக்கறதுதான் செரமமான சோலி. வளைவா ஓடும், துணி இழுத்துக்கும், வலது கைய ஒரு நொடி எடுக்க முடியாது. அதுக்குன்னே லைன்ல அஞ்சு மிசினு, அஞ்சு பொம்பளைங்க. மொத மிசினு கலாமணி. அவளாட்டம் அடிக்க திருப்பூர்லயே ஆள் இல்ல, பொண்டாட்டிங்கறதுக்காகச் சொல்லல.

பையர் பக்கத்துல இருந்து ரோஜர் சார்னு ஒருத்தரு செக்கிங்குக்கு வருவாரு. அக்குள்ல துணி புடிக்குதுனு மூணு தடவ மொத்த பீசையும் திருப்பி அனுப்பிச்சாரு. எங்களுக்கு ஒன்னும் புரியல. கடசீல போன எடுத்து ஒரு ஆட்டத்தப் போட்டுக் காமிச்சாரு. பிட்சர்னு ஒருத்தன், நம்ம கிரிக்கெட்டுல பவுலர் மாதிரி வெச்சுக்குங்க, கைய எம்புட்டு ஒசரத் தூக்கிச் சுத்தி எறியறான்னு பாருன்னாரு. அந்த ஒரு கைய நம்பித்தான் அவன் பொழப்பே ஓடுது, அதுக்கு எங்கயும் புடிக்கக் கூடாதுன்னாரு. எனக்கு அது நல்லா மனசுல எறங்கிருச்சு. நான் போட்ட கேள்வியெல்லாம் கேட்டு, மனுசன் குசியாகி, அவரும் அவரு கூட்டாளிகளும் போன்ல ஆடற லீக்குல என்னையும் சேத்து உட்டாரு. பன்னெண்டு டீமு. என்ற டீமுக்கு நொய்யல் ரைடர்ஸ்னு பேரு வெச்சேன்.

தெனம் பொழுதோட ஒரு மேட்ச்சு. பந்து நாம எறியறதில்லீங்க. யாரை எறக்கறது, எப்ப எடுக்கறதுங்கறது மட்டுந்தான் நம்ம வேலை. நம்ம சூப்பர்வைசர் வேலையேதான்.

மொத சீசன்ல ஒருத்தன் அருமையா எறிஞ்சான். நல்லா எறியறவன்தான தெனம் எறியணும்னு அவனையே எறக்கிட்டு இருந்தேன். அவன் பேருக்குப் பக்கத்துல ஒரு கோடு இருக்கும், பச்சையா இருந்தா தெம்பு, மஞ்சளானா அசதி, செவப்பானா ஆபத்து. மஞ்சள்லயும் எறக்குனேன். செவப்புலயும், இன்னொரு பத்துப் பந்துதானன்னு உட்டேன். ஒருநா முழங்கை நரம்பு அந்து போச்சு, இனி இவன் ஆட மாட்டான்னு எழுத்து வந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அன்னைக்குச் சோறு எறங்கல. கலாமணி என்ற மூஞ்சியப் பாத்துட்டு, யாருங்க தவறிட்டாங்கன்னு கேட்டா.

அவினாசி வந்துருச்சு போல. இருங்க, கூட்டம் ஏறட்டும். இந்தம்மா பையி வேற என்ற மடில. பரவால்லீங்க, கருமத்தம்பட்டில போட்டுக்கறேன்.

அதுக்கப்பறம் நான் திருந்திட்டேன். உக்காந்து படிச்சேன். நூறு பந்துக்கு மேல ஒருத்தனும் எறியக் கூடாது. ஒருநா எறிஞ்சா அடுத்த நாலு நாள் ரெஸ்ட்டு. அஞ்சு பேரு மாறி மாறி. செயிக்கற மேட்ச்சா இருந்தாலும் நூறு ஆச்சுன்னா எடுத்துப் போடுவேன். ரோஜர் சாரே, சென்னி, நீ ரொம்பப் பாவம் பாக்கறேம்பாரு. பாவம் பாக்காம? கை போனா வருமா? அந்தக் கோட்டையும் முழுசா நம்பக் கூடாதுங்க. மேலாப்புல பச்ச காட்டும், போன வாரத்து அசதி உள்ளுக்குள்ளயே கெடக்கும். அதனால நானே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, பேரு, எத்தன பந்துன்னு வெறும் நம்பரு, எத்தன நாள் ரெஸ்ட்டு. ஒருநாள் தவறுனதில்ல.

அதுலதான் ஒரு புத்தி கெட்ட வேல பண்ணிட்டேன். அந்த அமெரிக்காக்காரனுக பேரு என்ற வாயில நொழையல. பேர மாத்திக்கலாம்னு போன்ல இருந்துச்சு. அஞ்சு பிட்சரு, லைன்ல கை தைக்கறவங்க அஞ்சு பேரு. அவங்க பேரையே வெச்சுட்டேன். மொத ஆளு கலாமணி. ஆறடி ஒசரம், தாடி வெச்சுட்டு நிப்பான், மேல கலாமணின்னு போட்டிருக்கும். அவ பாத்துட்டு உழுந்து உழுந்து சிரிச்சா.

அவளுக்கும் அதுல ஒரு ஆசை வந்துருச்சுங்க. ஒன்றர ஷிப்ட்டு, பன்னெண்டு மணி நேரம், முடிச்சு ராத்திரி ஒம்பது மணிக்கு ஊட்டுக்கு வருவோம். தோளுக்குத் தைலத்தத் தேச்சுட்டே கேப்பா, "இன்னைக்கு நா எறியறனுங்களா?"ன்னு. இல்ல அம்மணி, நேத்து தொண்ணூத்தாறு எறிஞ்சுட்ட, இன்னும் நாலு நாள் உனக்கு ரெஸ்ட்டும்பேன். "சரி, அந்தக் கலாமணியாச்சும் ஒக்காரட்டும்"னு சிரிப்பா. தெனம் இதே பேச்சுத்தான். புருசன் ஆடற ஆட்டத்துல இம்புட்டு அக்கற காட்டற பொம்பளய நீங்க பாத்திருக்கறீங்களா?

அப்பறம் ஆடிட் வந்துச்சு. பையருக வருசா வருசம் ஆளனுப்புவானுக, தொழிலாளிய ஒழுங்கா நடத்தறமான்னு பாக்க. பெங்களூர்ல இருந்து ஒரு மேடம், சின்ன வயசு. என்ற மேசை டிராயரத் தொறந்து நோட்ட எடுத்துப் போட்டுச்சு. தமிழ எழுத்துக் கூட்டிப் படிக்குது. கலாமணி, தொண்ணூத்தாறு, நாலு நாள் ரெஸ்ட்டு. பாக்கியம், எம்பத்தெட்டு, நாலு நாள் ரெஸ்ட்டு. மேடத்துக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு. இது மணிக்கு அடிக்கற பீஸா, நூறத் தாண்ட விடமாட்டீங்களா, கை தைக்கற கனத்த வேலை ஒருநாள் பாத்தா நாலு நாள் லேசான வேலைக்கு மாத்திருவீங்களான்னு அதுவாவே கேட்டுட்டு நிக்குது. எங்க மேனேஜரு தண்டபாணி சாரு அதும் பொறத்தால நின்னு என்னையவே பாக்கறாரு. நான் தலைய மட்டும் ஆட்டுனேன்.

அவ்வளவுதான், கம்பெனிக்கு மொத கிரேடு. ஒரு சூப்பர்வைசர் தானா முன்வந்து இப்படிக் கணக்கு வெச்சு ஆளுகளக் காப்பாத்தறத எங்கயும் பாத்ததில்லன்னு மேடம் எழுதிட்டுப் போச்சு. எனக்குச் சால்வ போத்துனாங்க. அன்னைல இருந்து அது கம்பெனி நோட்டு. வாராவாரம் ஆபீசுல சீல் வெச்சு வாங்கி அடுக்குவாங்க. நான் மேனேஜருகிட்டத் தனியாப் போயி, சார் அது போன் ஆட்டமுங்கன்னு சொல்லிப் பாத்தேன். எந்த ஆட்டமா இருந்தா என்ன, தொடர்ந்து எழுதுன்னுட்டாரு. எழுதுனேன்.

நெசத்துல என்ன நடந்துச்சுன்னு கேக்கறீங்களா? நாப்பது நாளு தொடர்ந்து ஒன்றர ஷிப்ட்டு, ஞாயித்துக்கெழமையும் சேத்து. மணிக்கு நூத்தி நாப்பது பீஸு. மிசினு மாத்தறதெல்லாம் கெடையாது. அந்த வளைவு வேற யாருக்கும் வராதுங்களே.

கருமத்தம்பட்டிங்களா இது? நிக்கவே இல்லையே, ஆள எறக்கிட்டு அப்படியே எடுத்துட்டான். பாத்தீங்களா.

கை போனது திடீர்னுங்க. ஒருநா சாயங்காலம் பண்டலத் தூக்கப் போனவ அப்படியே கீழ ஒக்காந்துட்டா. தோள்ல டப்புனு சத்தம் கேட்டுச்சுன்னு பக்கத்து மிசினு பாக்கியம் சொல்றா. நாப்பது மிசினு ஓடற எடத்துல அதெப்படிக் கேக்கும்? தோள்ல தசநாரு கிழிஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ஒரே வேலைய ஓயாமப் பாத்ததால வந்ததாம். ஆப்பரேசன் பண்ணணும், ஆறு மாசத்துக்கு மிசினத் தொடக் கூடாது, பண்ணாம உட்டா கை மேல வரவே வராதுன்னாரு.

எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க. அதுதான் என்ற ஆதங்கம். பிட்சருக்கு ஒரு கோடு இருக்குது, மனுசனுக்கு அது இருக்குதுங்களா? எனக்கு எப்படித் தெரியும்? டீ கெளாச எடது கைல புடிச்சா, பழக்கம்னு நெனச்சேன். தலைக்குப் பாக்கியந்தான் சீவி உட்டா, பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தரு செய்யறதுதான. ஒருநா தோசக் கரண்டிய எங்கிட்டக் குடுத்து, நீங்க வாத்தா மொறுமொறுன்னு வருதுங்கன்னா. நானும் நம்பி ரெண்டு மாசமா வாத்தேன்.

இல்ல, ஒருக்கா கேட்டா. பொய் சொல்லக் கூடாது. இந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் என்னைய உட்ருங்கன்னு கேட்டா. செவ்வாக்கெழம கண்டெய்னர் கெளம்பணும். பொண்டாட்டிய மட்டும் ஊட்டுல உட்டுட்டு மத்தவங்கள வரச் சொன்னா லைன்ல என்னைய மதிப்பாங்களா? செவ்வாக்கெழமை தாண்டட்டும் அம்மணின்னேன். சரீன்னுட்டு வந்து மிசின்ல ஒக்காந்தா. அந்த ஞாயித்துக்கெழம நல்லா ஞாபகம் இருக்குதுங்க, அன்னைக்குத்தான் லீக்குல முக்கியமான மேட்ச்சு. போன்ல கலாமணி தொண்ணூத்தாறு எறிஞ்சிருந்தான். இன்னும் ஒரே சுத்து, விடு சென்னி, செயிச்சரலாம்னு ரோஜர் சாரு மெசேஜ் மேல மெசேஜு. முடியாது சார், கை முக்கியம்னு எடுத்துப் போட்டேன். அம்புட்டுப் பெரிய மனுசனுக்கு முடியாதுன்னு சொன்னேனுங்க.

ம்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆமா, மனு. இது வேலையால வந்த காயம், கம்பெனி ஆப்பரேசன் செலவப் பாக்கணும், தேறி வந்தா வேலை குடுக்கணும்னு பாக்கியத்தக் கூட்டிட்டுப் போயி அவளே எழுதிப் போட்டுட்டா. எங்கிட்டக் கேக்கல. கம்பெனி பதிலுக்கு என்ற நோட்டக் காமிச்சுருச்சு. பாருங்க, அஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் கை தைச்சிருக்குது, மணிக்கு நூறு தாண்டல, எங்க வேலையால எப்படிக் கை போகும், ஊட்டு வேலைல போயிருக்கும், இத எழுதுனவரு அந்தம்மாளோட புருசனேதான்னு. அதும் மேல யாரு பேசறது?

இந்தாங்க, நீங்களே படிங்க, கம்பெனி அடிச்சுக் குடுத்தது. 'மேற்படி நோட்டு என்னால் என் கைப்பட எழுதப்பட்டது. அதில் கண்ட விவரங்கள் யாவும் உண்மை.' ரெண்டே வரி. இதுல எது பொய்யி? எழுதுனது நானு. ஒவ்வொரு நம்பரும் சரி, போனத் தொறந்தா தேதிவாரியா இருக்கும். ஒரு பொய்யும் இல்ல. ஆனா மூணு நாளா இது என்ற பையிலயே கெடக்குது.

போடலீன்னா என்னாகும்னு தெரியுமுங்களா? மேடத்துகிட்டத் தலையாட்டுனது பொய்யின்னு ஆவும். கிரேடு போவும், ஆர்டரு போவும், கை தைக்கற மத்த நாலு பேரும் வீதில நிப்பாங்க. என்ற வேல போவும். குடியிருக்கறது கம்பெனி வீடு, அதுவும் போவும். போட்டா அவ கை போவும். ஆப்பு அசைச்ச கொரங்காட்ட ஆயிப் போச்சுங்க என்ற நெலம. இழுத்தாலும் வராது, உட்டாலும் வராது. இத யாருகிட்டச் சொல்றது? நீங்க மொகந்தெரியாதவரு, அதனால சொல்றேன்.

அவ திட்டிருந்தாப் பரவால்லீங்க. கம்பெனி நோட்டக் காமிச்சது தெரிஞ்ச அன்னைக்கு ஒன்னே ஒன்னு சொன்னா. "உங்க போனக் காமிச்சாப் போதுமுங்க. ஆபீசரு பாத்துக்குவாரு." அவ்வளவுதான். அதுக்கப்பறம் ஒத்த வார்த்த அதப் பத்திப் பேசல. தலைய நீட்டுவா, பின்னுவேன். சோறு போடுவேன், திம்பா. பொழுதோட நான் போன எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குவா. நா எறியறனான்னு கேக்கறத உட்டுட்டா. மூணு வாரமா ஊடே எழவூடாட்டக் கெடக்குது.

நீலாம்பூரு தாண்டிட்டோமா? அட, தெரியவே இல்ல.

உங்ககிட்ட ஒன்னு கேக்கணும், படிச்சவராட்ட இருக்கறீங்க. இன்னைக்குச் சாயங்காலம் பைனல். ஆமாங்க, இன்னைக்கேதான். யாரை எறக்கறதுன்னு நாலு மணிக்குள்ள சொல்லணும். கலாமணிக்குக் கோடு லேசா மஞ்சள்ல நிக்குது. எறக்குனா கப்பு நமக்குத்தான், ரோஜர் சாரே சொல்றாரு. ஆனா கைல என்னமோ நோவு இருக்குதுன்னு எனக்கு ஒரு இது. ஒரு கப்புக்காக ஒருத்தன் பொழப்ப அழிக்கலாமுங்களா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

ஏனுங்க, அப்படிப் பாக்கறீங்க. நான் ஆட்டத்தப் பத்தித்தான் கேட்டேன்.

சரி, உடுங்க. காந்திபுரம் வந்துருச்சு. கண்டக்டரு கத்தறான் பாருங்க. நீங்க எந்திரிக்காதீங்க, கூட்டம் எறங்கட்டும்.

அவ எந்திரிச்சுட்டா. ஐயோ, வலது கை தூக்க வராதே, எடது கைல கம்பியப் புடிக்கறா. ஓட்டுறவன் பிரேக்க மெதுவாப் போடக் கூடாதா. இங்க திரும்பிப் பாக்கறா. என்னையத்தான்.

கேட்டுச்சுங்களா? பஸ்சு பூரா கேட்டிருக்கும். மூணு வாரத்துக்கு அப்பறம் கேக்கறா.

"இன்னைக்கு நா எறியறனுங்களா?"

இல்ல அம்மணி. இன்னைக்கு உனக்கு ரெஸ்ட்டு.

"எழுதிட்டீங்களா?"

எறங்கு அம்மணி, பாத்து எறங்கு, படி ஒசரம். இதா வந்துட்டேன். நான் வந்து புடிச்சுக்கறேன், இரு.

சார், பேனாவ இன்னும் ஒரு நிமிசம் வெச்சுக்கறேன். இங்கயே, சீட்டு மேல வெச்சுப் போட்டுட்டாலும் சரி, இல்ல அப்படியே உங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டாலும் சரி, ரெண்டுல ஒன்னு பண்ணிட்டுப் போயர்றேன். பஸ்சு நின்னு போச்சுங்களே. இன்னும் ஏனுங்க கை இப்படி ஆடுது?